லெட்டர்பேடில் ‘பிரைவேட் லிமிடெட்’, பில்லில் யார்?

கேள்வி: நானும் என் தம்பியும் சேர்ந்து திருப்பூரில் உள்ளாடைகளுக்கான எலாஸ்டிக் நாடா தயாரிக்கிறோம். சென்னை முகவரியுள்ள ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி 14 லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் தர முன்வந்திருக்கிறது. அறுபது நாள் கடன் கேட்கிறார்கள். விசிட்டிங் கார்டையும் ஜிஎஸ்டி எண்ணையும் வாட்ஸப்பில் அனுப்பினார்கள். இணையத்தில் தேடினால் ஏறக்குறைய அதே பெயரில் மூன்று கம்பெனிகள் வருகின்றன. ‘முழு ரிப்போர்ட்’ தருகிறோம் என்று ஒரு தனியார் தளம் பணம் கேட்கிறது. தெரிந்த ஒருவர், “ஆக்டிவ்னு காட்டுது, தைரியமா சரக்கு அனுப்பு” என்கிறார். அரசு ஆவணத்தில் நாங்களே பார்த்துக்கொள்ள வழி உண்டா? எதை வைத்து நம்புவது?

— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தனியார் தளத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். அவர்கள் விற்பதில் பெரும்பகுதி மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில், அதாவது எல்லோரும் எம்சிஏ என்று சொல்லும் இடத்தில், இலவசமாகவே இருக்கிறது. அங்கிருந்து என்றைக்கோ எடுத்து வைத்த பழைய விவரமாகவும் அது இருக்கலாம். நேற்று விலகிய டைரக்டர் அதில் இன்னும் டைரக்டராகவே இருப்பார்.

எம்சிஏ பக்கம் போவதற்கு முன், கையில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். அது பதினைந்து எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை உள்ள பத்தும் அந்த வியாபாரியின் பான் எண். பானில் நான்காவது எழுத்து அது யாருடையது என்று சொல்லிவிடும். அந்த எழுத்து ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது இடத்தில் வரும். அங்கே ‘சி’ இருந்தால் கம்பெனி. ‘எஃப்’ இருந்தால் பங்குதாரர் நிறுவனம் அல்லது எல்எல்பி எனப்படும் பொறுப்பு வரையறுக்கப்பட்ட பங்குதாரர் நிறுவனம். ‘பி’ (ஆங்கில P) இருந்தால் தனிநபர். ‘ஹெச்’ என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம்.

உங்களுக்கு வந்த எண்ணை எடுத்து ஆறாவது எழுத்தைப் பாருங்கள். கார்டில் பிரைவேட் லிமிடெட் என்று இருந்து, ஆறாவது எழுத்து ‘பி’ என்றால், சரக்கை வாங்கப் போவது கம்பெனி அல்ல, ஒரு தனி ஆள். கம்பெனி அவருடையதாகவே இருக்கலாம். ஆனாலும் நாளைக்குப் பணம் நின்றால், “கம்பெனிக்கும் இந்த பில்லுக்கும் சம்பந்தமில்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஏமாற்று வேலைகளில் நிறைய இந்த ஒரு எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

அடுத்து ஜிஎஸ்டி தளத்தில் வரிசெலுத்துவோரைத் தேடும் பகுதிக்குப் போய் எண்ணை இடுங்கள். லாகின் தேவையில்லை. சட்டப்பூர்வப் பெயர், வியாபாரப் பெயர், பதிவான தேதி, நிறுவன வகை, முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டதா, ரத்தானதா என்பதெல்லாம் வரும். இதில் நம்ப வேண்டியது சட்டப்பூர்வப் பெயரைத்தான். வியாபாரப் பெயர் அவரவர் வைத்துக்கொள்வது. கீழே ரிட்டர்ன் தாக்கல் அட்டவணை இருக்கும், அதையும் திறந்து பாருங்கள். விற்பனையையும் கட்டிய வரியையும் சுருக்கமாகக் காட்டும் 3பி ரிட்டர்ன் எந்தத் தேதியில் போயிருக்கிறது என்று மாதவாரியாகத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் போயிருக்கிறது என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம், ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அந்த வசதி உண்டு. தொடர்ந்து தாமதமாகப் போயிருந்தால்தான் கவனிக்க வேண்டும். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரியையே மாதக்கணக்கில் இழுப்பவர் எலாஸ்டிக்காரருக்கு நாள் தவறாமல் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆறாவது எழுத்து ‘சி’ என்றே வைத்துக்கொள்வோம். இனி எம்சிஏ.

அங்கே பெயரை வைத்துத் தேடினால் நீங்கள் சொன்ன குழப்பம்தான் வரும். நம் ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பல வேஷம் போடும். ‘ஸ்ரீ’ என்ற ஒரே சொல்லை எஸ்ஆர்ஐ, எஸ்ஆர்இஇ, எஸ்ஹெச்ஆர்ஐ, எஸ்ஹெச்ஆர்இஇ என்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். முருகன், வேல், லட்சுமி எல்லாவற்றுக்கும் இதே கதை. ‘எக்ஸ்போர்ட்’ ஒரு கம்பெனி, ‘எக்ஸ்போர்ட்ஸ்’ இன்னொரு கம்பெனி. ஆகவே பெயரை விட்டுவிட்டு சிஐஎன் என்ற கம்பெனி அடையாள எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் சங்கடமே வேண்டாம். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 12-ஆவது பிரிவுப்படி லெட்டர்பேட், பில் புத்தகம் முதலானவற்றில் கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன் எல்லாம் இருந்தாக வேண்டும். அலுவலக வாசலில் பெயர்ப் பலகை வைக்க வேண்டும், அதில் அந்த வட்டார மொழியிலும் பெயர் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். “சிஐஎன்னா என்ன?” என்று எதிர்முனையில் கேட்டால், பேசுபவருக்குக் கம்பெனி நடத்திப் பழக்கமில்லை என்று அர்த்தம்.

சிஐஎன்னில் இருபத்தோரு எழுத்துகள். முதல் எழுத்து பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியா என்பதைச் சொல்லும்: ‘எல்’ என்றால் ஆம், ‘யூ’ என்றால் இல்லை. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. பிறகு இரண்டு எழுத்து மாநிலம். தமிழ்நாட்டுக்கு ‘டிஎன்’, ஆனால் கோவை ஆர்ஓசி-யில், அதாவது கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தில், பதிவான கம்பெனிகளுக்கு ‘டிஇசட்’ என்று வரும். உங்கள் ஊர்க் கம்பெனிகளில் இதைப் பார்த்து வேறு மாநிலம் என்று மிரள வேண்டாம். அடுத்த நான்கு இலக்கம் பதிவான ஆண்டு, மூன்று எழுத்து வகை (‘பிடிசி’ பிரைவேட், ‘பிஎல்சி’ பப்ளிக், ‘ஓபிசி’ ஒருநபர் கம்பெனி), கடைசி ஆறும் பதிவு எண். கார்டில் ‘25 ஆண்டு அனுபவம்’ என்று போட்டு, சிஐஎன்னில் 2023 என்று இருந்தால் விளக்கம் கேளுங்கள். பழைய பங்குதாரர் நிறுவனத்தைக் கம்பெனியாக மாற்றியிருந்தால் அப்படி வரும், அது குற்றமில்லை. தொழில் வகை எண் மென்பொருளுக்கானதாக இருந்து, ஆர்டர் எலாஸ்டிக்குக்கு வந்தாலும் அதே போல ஒரு கேள்வி கேட்க வேண்டியதுதான்.

எம்சிஏ தளத்தில் முதலில் ஒரு பயனர் கணக்கு தொடங்குங்கள், செலவில்லை. சேவைகள் பகுதியில் கம்பெனி, எல்எல்பி மாஸ்டர் டேட்டா பார்க்கும் இடத்தில் சிஐஎன்னை இட்டால் ஒரு பக்கம் திறக்கும். உங்கள் நண்பர் சொன்ன ‘ஆக்டிவ்’ அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பொருள், பதிவேட்டிலிருந்து இன்னும் பெயர் அடிக்கப்படவில்லை என்பது மட்டுமே. வியாபாரம் நடக்கிறது என்றோ, பணம் இருக்கிறது என்றோ அல்ல. கணக்கே தாக்கல் செய்யாத கம்பெனிக்கும் ஆர்ஓசி நடவடிக்கை எடுக்கும்வரை அதே ‘ஆக்டிவ்’தான். 2017-இல் அரசு ஒரே வீச்சில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயரை அடித்தது. அடிபடுகிற நாள்வரை அவற்றில் ஏராளமானவை இதே சொல்லோடுதான் இருந்தன.

அந்தச் சொல்லைவிடக் கீழே உள்ள இரண்டு தேதிகள் பயனுள்ளவை: கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த தேதி, கடைசியாகத் தாக்கலான இருப்புநிலைக் குறிப்பின் தேதி. கணக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது, கூட்டம் செப்டம்பர் 30-க்குள், கூட்டம் முடிந்து 30 நாளில் கணக்கு, 60 நாளில் ஆண்டு ரிட்டர்ன். அப்படியென்றால் டிசம்பரில் பார்க்கும்போது அந்த ஆண்டு மார்ச் கணக்கு ஏறியிருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு முதல் ஆண்டு கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு. தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு ஆண்டு பாக்கி வைத்த கம்பெனி லட்ச ரூபாய்க்கு மேல் கட்டித்தான் கணக்கைச் சரிசெய்ய முடியும், அதனாலேயே பலர் அப்படியே கைகழுவி விடுகிறார்கள். தேதி பழையதாக இருந்தால் கடன் பேச்சையே அங்கே நிறுத்திவிடலாம்.

மூலதனத்தில் இரண்டு எண் இருக்கும். அனுமதிக்கப்பட்ட மூலதனம் என்பது எவ்வளவு வரை பங்கு வெளியிடலாம் என்ற உச்சவரம்பு. செலுத்தப்பட்ட மூலதனம்தான் உண்மையில் உள்ளே வந்த பணம். முதல் எண்ணைக் காட்டி “எங்கள் கேபிடல் ஒரு கோடி” என்பவர்கள் உண்டு. குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனை 2015-இலேயே போய்விட்டது. செலுத்தியது ஒரு லட்சம், கேட்கும் கடன் 14 லட்சம் என்றால், பங்குதாரர்கள் தங்கள் பையிலிருந்து போட்டதைப்போல் பதினான்கு மடங்கை உங்களைப் போடச் சொல்கிறார்கள். பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி என்பதால் டைரக்டரின் வீட்டையோ காரையோ நீங்கள் சாதாரணமாகத் தொட முடியாது.

டைரக்டர் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் டிஐஎன் என்ற எட்டு இலக்க எண் இருக்கும். அதை வைத்து அவர் வேறு எந்தக் கம்பெனிகளில் இருக்கிறார், இருந்தார் என்று பார்க்கலாம். வரிசையாக நாலைந்து கம்பெனி, எல்லாம் இரண்டிரண்டு ஆண்டு ஓடி ‘ஸ்ட்ரைக் ஆஃப்’, அதாவது பெயர் அடிக்கப்பட்டதாக, ஆகியிருந்தால் விஷயம் விளங்கிவிடும். தொடர்ந்து மூன்று ஆண்டு கணக்கு தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்களுக்கு 164-ஆவது பிரிவுப்படி ஐந்தாண்டுத் தகுதியிழப்பும் உண்டு. உங்களோடு பேசுகிறவரின் பெயர் பட்டியலிலேயே இல்லை என்றால் பதற வேண்டாம், மேனேஜராக இருக்கலாம். ஆனால் ஆர்டரில் கையெழுத்திடும் அதிகாரத்தைத் தரும் போர்டு தீர்மானத்தின் நகல் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

அதே பக்கத்தில் ‘சார்ஜ்’ என்ற பகுதியைப் பெரும்பாலானோர் தாண்டிப் போகிறார்கள். கம்பெனி எந்த வங்கியில் எதை அடமானம் வைத்து எவ்வளவு வாங்கியிருக்கிறது, தீர்த்துவிட்டதா என்பது அங்கே இருக்கும். வங்கிக்கடன் இருப்பது கெட்ட விஷயமல்ல, வங்கி ஒருமுறை அலசிப் பார்த்திருக்கிறது என்ற ஆறுதலும் அதில் உண்டு. ஆனால் ஸ்டாக், வரவேண்டிய பாக்கி இரண்டின் மேலும் ஹைப்பாதிகேஷன் (பொருள் கம்பெனியிடமே இருக்க, வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுப்பது) இருந்தால், கம்பெனி கவிழும் நாளில் நீங்கள் கொடுத்த எலாஸ்டிக்கும் அதைத் தைத்து விற்ற பணமும் முதலில் வங்கிக்கே. நீங்கள் வரிசையில் பின்னால்.

இதுவரை செலவு பூஜ்யம். இனி நூறு ரூபாய் செலவு செய்யுங்கள். எம்சிஏ-யில் பொது ஆவணங்களைப் பார்க்கும் சேவைக்குக் கம்பெனி ஒன்றுக்குக் கட்டணம் 100 ரூபாய். திறந்திருக்கும் நேரம் குறைவு, ஆகவே கட்டியதும் தேவையானதைத் தரவிறக்கி வைத்துவிடுங்கள். முதலில் எடுக்க வேண்டியது, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஏஓசி-4 படிவத்தோடு இணைத்த கணக்கு. லாபநஷ்டத்தில் மினக்கெடாமல் நேராகக் குறிப்புகளுக்குப் போய், சரக்கு கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி, அதாவது ‘டிரேட் பேயபிள்ஸ்’ என்ற அட்டவணையைத் தேடுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து இதை வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று விதி: ஓராண்டுக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல். சிறு, குறு நிறுவனங்களுக்கான பாக்கி ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை, தகராறில் உள்ளவை தனி.

இந்த ஒரு அட்டவணைக்குத்தான் அந்த நூறு ரூபாய். மொத்தப் பாக்கி 80 லட்சம், அதில் 76 லட்சம் ஓராண்டுக்குள் என்றால் வழக்கமான வியாபாரம். 80-இல் 35 லட்சம் இரண்டு ஆண்டைத் தாண்டி நிற்கிறது என்றால், உங்களைப் போன்றவர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள். சிறு, குறு நிறுவன வரிசையில் ‘இல்லை’ என்று போட்டிருந்தால் அப்படியே நம்பிவிட வேண்டாம். சப்ளையர்கள் தங்கள் பதிவைத் தெரிவிக்கவில்லை என்று காரணம் சொல்லி, எல்லாவற்றையும் ‘மற்றவர்’ வரிசையில் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும்: பதிவேட்டில் இருப்பதெல்லாம் கம்பெனி தானே சொன்னது. ஆர்ஓசி அதைக் கோப்பில் ஏற்றுகிறது, நேரில் போய் எண்ணிப் பார்ப்பதில்லை.

நேரமிருந்தால் டிஐஆர்-12 (டைரக்டர் மாற்றம்), ஐஎன்சி-22 (பதிவு அலுவலக மாற்றம்) இரண்டையும் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் பழைய டைரக்டர்கள் அத்தனை பேரும் விலகி, முகவரியும் மாறியிருந்தால், நல்ல பெயருள்ள பழைய கம்பெனியை யாரோ விலைக்கு வாங்கிக் கடன் கேட்கிறார்கள் என்பதற்கும் இடமுண்டு. சென்னையில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அந்த முகவரி வழியாக ஒருமுறை போய்ப் பலகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தேடும்போது அது எல்எல்பி என்று தெரிந்தால், அதே தளம்தான். எண் மட்டும் மூன்று எழுத்து, நான்கு இலக்கம் என்று சின்னதாக இருக்கும். சாதாரணப் பங்குதாரர் நிறுவனம் என்றால் எம்சிஏ-யில் கிடைக்காது. அது மாநில விஷயம். தமிழ்நாட்டில் பத்திரப் பதிவைக் கவனிக்கும் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகும். அத்துறையின் இணையதளத்தில் தேடலாம், இல்லையென்றால் அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பதிவேட்டைப் பார்க்கவும் நகல் வாங்கவும் யாருக்கும் உரிமை உண்டு. தனிநபர் வியாபாரத்துக்கு இப்படி ஒரு பதிவேடே கிடையாது, ஜிஎஸ்டியும், சிறு, குறு தொழில்களுக்கான பதிவான உத்யம் எண்ணும்தான் ஆதாரம். உத்யம் சான்றிதழை அதன் தளத்திலேயே சரிபார்க்கலாம், ஆனால் அது அவரவர் சொன்னதை வைத்துக் கொடுப்பது.

எல்லாம் ஒத்துவந்தால், ஆர்டரில் சிஐஎன்னும் ஜிஎஸ்டி எண்ணும் இரண்டும் இருக்கட்டும். பில்லில் எம்சிஏ-யில் உள்ள முழுப்பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். பின்தேதியிட்ட செக் தருகிறார்கள் என்றால் அது எந்தக் கணக்கின் செக் என்று பாருங்கள், டைரக்டரின் சேமிப்புக் கணக்குச் செக்கைக் கம்பெனி செக் என்று வாங்கிவிடாதீர்கள். முதல் லோடை இரண்டு மூன்று லட்சத்தோடு நிறுத்தி, அது வசூலான பிறகு அடுத்தது.

அறுபது நாள் பற்றி: நீங்கள் உற்பத்தியாளர், உத்யம் பதிவோடு சிறு அல்லது குறு நிறுவனமாக இருந்தால், சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் கடன் பேசவே முடியாது, எழுதிக் கையெழுத்திட்டிருந்தாலும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. நாள் தாண்டிய பாக்கியை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் அவர்களால் முடியாது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள், அவர்களுடைய ஆடிட்டரே ஞாபகப்படுத்துவார்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. “நானும் தம்பியும் சேர்ந்து” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சொந்த ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்து ‘எஃப்’ என்றால், பங்குதாரர் பத்திரம் எழுதியிருப்பீர்கள். அதை மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்தீர்களா? பத்திரம் எழுதி, பான் வாங்கி, ஜிஎஸ்டி எடுத்ததோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். பதிவாகாத பங்குதாரர் நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக மூன்றாம் நபர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது 1932-ஆம் ஆண்டுப் பங்குதாரர் சட்டத்தின் 69-ஆவது பிரிவு. அவர்கள் உங்கள் மீது போடலாம், நீங்கள் அவர்கள் மீது போட முடியாது. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்கு நிற்காது. திரும்பப் பெற்றுப் புதிதாகப் போட வேண்டும், அதுவும் மூன்று ஆண்டுக் காலவரம்புக்குள். இடையில் பங்குதாரர் யாராவது சேர்ந்திருந்தாலும் விலகியிருந்தாலும் அதையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏனென்றால் வழக்குப் போடுபவரின் பெயர் அங்கே இருந்தாக வேண்டும். விண்ணப்பத்தில் நிறுவனப் பெயர், இடம், ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, முகவரி எழுதி எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட வேண்டும். முதல் லோடு கிளம்பும் முன் இதை முடித்துவிடுங்கள்.